வழிக்குறி இட்ட மரபு
மலைபடுகடாம் முதல் டெங்கில் வரை

'ஆறு' என்னும் சொல் தமிழில் நீர் ஓடும் வழியையும் குறிக்கும். மக்கள் நடக்கும் வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகைக்குப் பெயர் தந்தது இரண்டாவது பொருள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை வள்ளல் இருக்கும் திசைக்குச் செலுத்துவது அது. வகுப்பில் ஆற்றுப்படையைக் கற்பிக்கும்போது வள்ளலின் கொடையைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். வழியைக் கூறும் அடிகளை இயற்கை வருணனை என்று சொல்லி விரைந்து கடந்துவிடுகிறோம். அவ்வடிகளை வழிநூலாகவே எடுத்துக்கொண்டு படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த எண்ணம் தோன்றியது நூலகத்திலன்று. டெங்கிலில் மீன்பிடிக்கச் செல்வோர் காட்டு வழியில் கட்டிவிட்டுப் போன சிவப்பு நெகிழி நாடாக்களைக் கண்டபோது.

டெங்கில், சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில் லங்காட் ஆற்றங்கரையில் உள்ள ஊர். உலு லங்காட்டின் நுவாங் மலைப்பக்கம் பிறக்கும் லங்காட், காஜாங், பாங்கி வழியாக இறங்கி, செமினியே ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, டெங்கிலையும் பந்திங்கையும் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஊரைச் சுற்றிலும் மூவகை நீர்நிலைகள் உண்டு: ஆறும் அதன் சிற்றோடைகளும், ஈயம் தோண்டி எடுத்தபின் கைவிடப்பட்ட ஆழ்குட்டைகள், மேற்கே கோலலங்காட் பக்கம் கரிய நீர் தேங்கிய சதுப்புக் காடு. இம்மூன்றிலும் மீனுண்டு. மலாய்க்காரர் 'ஹாருவான்' என்பது நம் வரால்தான்; இனத்தால் வேறன்று. 'தாப்பா' என்பது நம் வாளைக்கு நெருங்கிய உறவு. மீனுள்ள இடத்திற்கு வழியும் உண்டாகும். வழி உண்டாகும் இடத்தில் அடையாளம் இடுவோரும் உண்டு. அந்த அடையாளத்தை எப்படி இடுவது, யாருக்காக இடுவது, எப்போது நீக்குவது என்பவையே வினாக்கள்.

கூத்தர் கூட்டத்துக்குச் சொன்ன வழி

பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். சேயாறு இன்றைய செய்யாறு. கூத்தராற்றுப்படை என்றும் இதற்குப் பெயர் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்து வெளியிட்டதால் இது நம் கைக்கு வந்தது.

மற்ற ஆற்றுப்படைகள் வழியின் அழகைச் சொல்லும். இந்நூலோ வழியின் இடரைச் சொல்கிறது. தினையைப் பன்றி அழிக்காதபடி, கானவர் புழைதோறும் கற்பொறி மாட்டி வைத்திருப்பர். ஆகவே இருளில் நடவாது, விடிந்தபின் செல்க என்கிறது. பரண்மேல் நின்று யானையை விரட்டுவோர் கவணில் எறியும் கல் மரங்களில் பட்டுச் சிதறி வரும். மரத்தில் மறைந்து கடக்க என்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் சிறுமூங்கிலையும் நாணலையும் கையில் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறது. விழுந்து கிடக்கும் மரம்போல் மலைப்பாம்பு கிடக்கும்; விலகிப் போக என்கிறது. பொழுது சாய்ந்தால் நடையை நிறுத்தி, கற்குகையுள் வீட்டிற் புகுவது போலப் புகுந்து தங்கச் சொல்கிறது. இவற்றுள் ஒன்றேனும் புலவர் வீட்டுத் திண்ணையில் இருந்து கற்பனை செய்தது போலத் தோன்றவில்லை. நடந்து பழகியவர் சொன்ன சொற்கள் இவை.

குறவரே மயங்கும் குன்றத்துள் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? இதற்கு நூல் கூறும் விடை வியப்பூட்டுவது. மேற்கொண்டு நடக்க வேண்டா. அகன்ற பாறை ஒன்றின்மேல் எல்லீரும் ஒருங்கு கூடுங்கள். உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர் என்கிறது. வழி தவறியவன் அலையாமல் நின்ற இடத்தில் நின்று ஒலியெழுப்ப வேண்டும் என்பதையே இன்று உலகெங்கும் மீட்புக் குழுவினர் முதற்பாடமாகக் கற்பிக்கின்றனர். கூத்தர்க்கு முழவும் ஆகுளியும் இருந்தன. நமக்கு ஊதல் இருக்கிறது. கைப்பேசியை நம்பிப் போகிறவர் பலர். சதுப்புக் காட்டுள் அலைவரிசை கிட்டாத இடத்தில் அது வெறும் விளக்கு. மின்கலம் தீர்ந்தால் அதுவும் இல்லை.

முடிந்த புல்

இனி நம் பொருளுக்கு வருவோம். மலையைக் கடந்து காட்டுப் புலத்தில் இறங்கும் கூத்தர்க்கு, முன்பின் அறியாத நிலத்துக்குப் புதியராய் வருகின்றீர் என்று நினைவூட்டி, வழிகள் கூடும் சந்தியை நீவிவிட்டுப் புல்லை முடிந்து வைக்குமாறு நூல் பணிக்கிறது. 'கவலை' என்று சங்க இலக்கியம் சொல்வது இப்படிப் பல வழி பிரியும் இடத்தையே. வழி பிரியும் இடத்தில் மனம் படும் பாட்டை நோக்கினால், இன்று அச்சொல் மனத்துயரைக் குறிப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

தமிழில் வழிக்குறி இடுதல் பற்றிக் கட்டளை வடிவிலேயே அமைந்த மிகப் பழைய குறிப்பு இதுதான் என்று கருதுகிறேன். இதில் இரு செயல்கள் உள. ஒன்று புல் முடிதல்; மற்றொன்று சந்தியை நீவுதல். புல் முடிதலின் பயன் வெளிப்படை. கூத்தர் கூட்டம் பெரியது. முழவும் யாழும் பெருவங்கியமும் சுமந்து, சிறுவரும் பெண்டிரும் முதியோருமாய் நீண்டு செல்வது. முன்னே போனவர் எவ்வழி சென்றார் என்பது பின்னே வருவோர்க்குத் தெரிய வேண்டும். புல்லைக் கொய்ய வேண்டா; வேரோடு நிற்கும் புல்லின் தலையை முடிந்தாலே போதும். காற்றுக்குப் பறக்காது, கல்லைப் போல உருளாது, மரத்துக்கும் ஊறில்லை. சில நாளில் தானே வளர்ந்து கலைந்துவிடும்.

ஆனால் நீவுதல் எதற்கு? குறி தெளிவாகத் தோன்றும்படி நிலத்தைத் துப்புரவாக்குதல் என்று எளிதாகப் பொருள் சொல்லிவிடலாம். அது பொருந்தாததன்று. ஆயினும் அதற்கு மேலும் ஒரு கருத்து இருப்பதாக எனக்குப் படுகிறது. பல வழிகள் கூடும் இடத்தில் பலருடைய அடிச்சுவடும், முன்பு போனவர் இட்ட பழங்குறிகளும் கிடக்கும். அவற்றின்மேல் புதுக்குறியையும் இட்டால் பின்வருவோன் எதை நம்புவான்? ஆகவே முதலில் பழையதைத் துடை. பிறகு உன்னுடையதை இடு. இந்தப் பொருள் எனக்கு உரைநூலிலிருந்து வந்ததன்று.

என் இளமையில் டெங்கில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக்குப் பின்னே பால்மரக்காடு முடியும் இடத்தில், லாலான் புல் மண்டிய வெளி ஒன்று இருந்தது. அதற்கப்பால் சதுப்பும் ஓடையும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்கள் தூண்டிலோடு போவார்கள். சிறுவர்களாகிய நாங்கள் மண்புழுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னே ஓடுவோம். தலைக்குமேல் வளர்ந்த லாலானில் வழி பிரியும் இடந்தோறும் ஒரு தாத்தா இரண்டு கொத்துப் புல்லைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். ஒருநாள் மழை பிடித்து நாங்கள் விரைந்து திரும்பினோம். எல்லாரும் ஓட, அவர்மட்டும் ஒவ்வொரு முடிச்சாக நின்று அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"ஏன் தாத்தா அவுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி ஏறுது தம்பி. காலையில இது வழி. ராத்திரிக்கு இது வழியில்ல. முடிச்சப் பாத்து நம்பி ஒருத்தன் எறங்குனா, அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் எழுத்தறியாதவர், மலைபடுகடாம் என்ற பெயரையும் கேட்டிருக்கமாட்டார். பல்லாண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக்காக அந்நூலை விரித்தபோது, நீவுதல் என்ற சொல்லில் என் கண் நின்றது. ஒரு தோட்டத் தாத்தாவின் செயலைக் கொண்டு சங்க நூலுக்கு உரை காண்பது ஆராய்ச்சி நெறிக்கு ஒக்குமா என்று புலவர் சிலர் வினவலாம். பொருளைத் துணிய அது சான்றாகாது. பொருள் இருக்கக்கூடிய திசையைக் காட்டலாம் அல்லவா?

கல்லும் குழியும்

புல் சில நாளைக்கு. கல் பல தலைமுறைக்கு. அதே காட்டுப் புலத்தில், வெண்கடம்பின் கீழ், செல்லும் நிலத்துப் பெயரை அறியுமாறு எழுத்துப் பொறித்த கல்லும் கடவுளும் நிற்கும் கவலைகள் உள்ளன என்கிறது மலைபடுகடாம். போரில் வீழ்ந்தாரின் பெயர் பொறித்த நடுகற்கள் உள்ள கவலைகளையும் அது சொல்லும். அவற்றின் முன் யாழிசைத்து வணங்கிப் போகச் சொல்லும். செங்கம் வட்டாரத்திலேயே பிற்கால நடுகற்கள் பெருந்தொகையாகக் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் அவற்றை நூலாகவும் வெளியிட்டது. பாட்டில் சொன்ன நிலத்தில் பாட்டில் சொன்ன வகைக் கற்கள் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

கல்லும் கெடும். அகநானூற்று 343ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் நுட்பமான ஒரு காட்சியை வைக்கிறார். உப்பு வணிகரின் வண்டி உராய்ந்து நடுகல்லின் தலை சிதைந்துவிட்டது. கூரிய உளியால் வெட்டிய எழுத்துகள் சில மறைந்துபோயின. எஞ்சிய எழுத்தைப் படிக்கும் வழிப்போக்கர் வேறு வேறு பொருள் கொள்கின்றனர். குறியே இல்லாத வழியில் மனிதன் எச்சரிக்கையாக இருப்பான். சிதைந்த குறியுள்ள வழியில் அவன் துணிந்து தவறிப்போவான். வண்டிக்காரன் வேண்டுமென்று செய்தானல்லன். ஆயினும் தீங்கு தீங்கே.

எழுத்தறியாதாரையும் எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தனர். தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியில் நின்ற காதக்கற்கள் கிடைத்துள்ளன. 13ஆம் நூற்றாண்டினவாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு நில்லாமல், பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் கொண்டிருக்கிறது. பெரியது பத்து, சிறியது ஒன்று. இருட்டில் விரலால் தடவியும் தொலைவை அறியலாம். இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளை எழுதுவோர் இக்கல்லை ஒருமுறை சென்று பார்த்தல் நன்று.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் குறியே இல்லை; வாய்மொழி உண்டு. மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு எடுத்துரைக்கிறான். ஒவ்வொன்றின் இடரையும் மறைக்காமல் சொல்கிறான். நடு வழியில் தெய்வமொன்று மயக்கும் என்று முன்பே எச்சரித்ததால்தான், அது வயந்தமாலை வடிவில் வந்தபோது கோவலன் ஏமாறவில்லை. வழி சொல்பவன் இடரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அக்காலத்து ஒழுக்கமாகவே இருந்திருக்கிறது.

காட்டில் எழுதுவோர்

மலாயாவில் ஆறே முதல் வழி. கோலாலம்பூர், கோலலங்காட், கோலசிலாங்கூர் என்று கழிமுகத்தையும் கூடுதுறையையும் கொண்டு ஊர்ப்பெயர் அமைந்தது அதனால்தான். 1857இல் ஈயம் தேடிய சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றில் படகேறி, ஆறு கூடும் இடம்வரை சென்று, அப்பால் அம்பாங்கை நோக்கிக் காட்டில் நடந்தனர். படகு நின்ற இடத்தில் நடைவழி தொடங்கியது. அங்கேதான் குறியும் தேவைப்பட்டது. விலங்கு நடந்து உண்டான தடத்துக்கு மலாயில் 'டெனாய்' என்றும், மனிதன் வெட்டித் திறந்த நேர்வழிக்கு 'ரிந்திஸ்' என்றும் பெயர். இவ்வேறுபாட்டை அறியாதவன் பன்றித் தடத்தைப் பின்பற்றிப் போய்ச் சேற்றில் நிற்பான். கோலலங்காட்டில் அதிகாரியாய் இருந்த வால்ட்டர் ஸ்கீட், 1900இல் வெளியிட்ட மலாய் மந்திர வழக்குகள் பற்றிய நூலில் இந்த ஆற்றங்கரை மக்களின் வேட்டை, மீன்பிடி நம்பிக்கைகளை விரிவாகத் தொகுத்திருக்கிறார்.

குறியிடுதலை ஒரு மொழியாகவே வளர்த்தவர்கள் சரவாக்கின் பினான் மக்கள். 'ஓரோ' என்று அவர்கள் கூறும் குறிமுறையில், வெட்டி நட்ட குச்சியின் சாய்வு திசையைக் காட்டும். அதில் செருகிய இலையும் சிறுகுச்சியும் செய்தியைச் சொல்லும். இவ்வழி வா, காத்திராதே, பசியோடிருக்கிறோம் என்றெல்லாம் பின்வரும் உறவினர்க்கு எழுதிவைக்கலாம். பாரம் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள லோங் லாமாய் ஊர் மக்கள், சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளருடன் சேர்ந்து, இக்குறிகளை இளைஞர்க்குக் கற்பிக்கக் கணினி விளையாட்டு ஒன்றும் ஆக்கினர். பினான் மக்களிடம் 'மோலோங்' என்றொரு வழக்கமும் உண்டு. சவ்வரிசிப் பனையிலோ பழமரத்திலோ ஒருவர் குறி வெட்டிவிட்டால் அது அவர் காக்கும் மரம், பிறர் தொடார். ஆக, காட்டுக்குறி இருவகை: வழி சொல்வது ஒன்று, உரிமை சொல்வது மற்றொன்று. வெளியார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

குறியை நண்பன் படிப்பது போலவே பகைவனும் படிப்பான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுள் மறைந்திருந்தோரைத் தேடப் பிரிட்டிஷ் படை சரவாக்கிலிருந்து இபான் தடங்காணிகளை அழைத்து வந்தது. ஒடிந்த சிறுகிளையும் மிதிபட்ட இலையும் அவர்களுக்கு எழுத்து. அந்த ஆண்டுகளில் காட்டோரம் வாழ்ந்த தோட்டத் தமிழர்க்கு ஒரு கிளையை ஒடிப்பதும் அச்சமான செயல். யாருக்கு அடையாளம் வைத்தாய் என்று கேட்டால் என்ன விடை சொல்வது? பெரியவர் பலர் மரத்தைத் தொடாமல் புல்லை முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். புல் முடிச்சை ஒரு நொடியில் அவிழ்த்துவிடலாம்.

யாருடைய வழி?

டெங்கிலை அடுத்த புக்கிட் தம்போயில் தெமுவான் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். சிப்பாங்கில் எழும்பிய புதிய விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை அமைப்பதற்காக, 1995இல் அவர்களுடைய நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் பயிர்களுக்கும் வீடுகளுக்கும் இழப்பீடு தந்தனர், நிலத்துக்குத் தரவில்லை. நிலம் அவர்களுடையதன்று என்பது அரசுத் தரப்பு வாதம். சாகோங் தாசி முதலானோர் வழக்குத் தொடுத்தனர். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், மரபு வழியாக அவர்கள் வாழ்ந்து பயன்கொண்ட நிலத்தில் அவர்களுக்கு உடைமை உரிமை உண்டென்று தீர்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அதனை உறுதிசெய்தது. 2010இல் உடன்பாட்டின்வழி வழக்கு முடிந்து இழப்பீடு கிடைத்தது. நாட்டின் பழங்குடி நிலவுரிமை வரலாற்றில் டெங்கிலின் பெயர் நிலைத்தது இவ்வழக்கால்தான்.

வழக்குக்கும் வழிக்குறிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். வேலியும் பத்திரமும் இல்லாத நிலத்தில் வாழ்வின் அடையாளம் எது என்பதே அவ்வழக்கின் உள்ளே கிடந்த வினா. பாட்டன் நட்ட டுரியான், பாட்டி நடந்த ஓடைக்கரை, புதைகுழி இருந்த மேடு: அந்நிலத்தார்க்கு எல்லைக்கல் இவையே. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வருகிறவன் கண்ணுக்கு இவை வெறுங்காடு. பாதையைத் தன் கண்டுபிடிப்பென்று எண்ணி அவன் மரத்தைக் கொத்திக் குறியிடுகிறான். அம்மரம் ஒருவருடைய பழமரமாக இருக்கும். தெமுவான் ஊர்ப்பக்கம் மீன்பிடிக்கப் போவோர் முதலில் ஊர்த்தலைவரைக் கண்டு சொல்லிவிட்டுப் போதல் முறை. அது மரியாதை மட்டுமன்று. எந்தக் கரை இடிந்தது, எந்த ஓடையில் முதலை தென்பட்டது என்பதை அங்கேதான் கேட்டறியலாம். நன்னன் நாட்டுக்குப் போன கூத்தரும் கானவரைக் கேட்டே சென்றனர்.

நம்மவர் கதையும் வேறன்று. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கியது பெராங் பெசார் தோட்டம். பெரும்போர் என்பதே அப்பெயரின் பொருள். அதுவும், அதனையடுத்த காலவே, மெடிங்லி, செஜ்லி தோட்டங்களும் புத்ராஜெயா நகருக்காக எடுக்கப்பட்டன. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்ககத்துக்குப் பெயர்ந்தன. நிரை எண்ணைச் சொன்னாலே எந்த மரம், எந்த மேடு, எந்தக் கால்வாய் என்று இருட்டிலும் அறிந்த மக்கள் அவர்கள். நிரைகள் போயின, எண்கள் நினைவில் மட்டும் நின்றன. தெமுவான் மக்களுக்கு நேர்ந்ததை உணர்ந்துகொள்ள நமக்குப் பெரிய முயற்சி தேவையில்லை.

நாடாவும் வண்ணமும்

பிறநாட்டார் இதனை எப்படி வகுத்தனர்? அமெரிக்காவில் 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அப்பலாச்சியன் நடைவழி 1937இல் நிறைவுற்றது. இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டையே அதன் குறி; இரண்டு பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் உண்டு, கவனி என்பது பொருள். கோடரியால் மரப்பட்டையைச் செதுக்கிய பழைய முறை நாளடைவில் வண்ணத்துக்கு இடங்கொடுத்தது. மெய்ன் மாநிலத்து அக்கேடியாவில் வால்டிரன் பேட்ஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு முறை வகுத்தார்: இரு கல்லின்மேல் குறுக்கே ஒரு கல், அதன்மேல் திசைகாட்டும் சிறுகல். இன்று அப்பூங்காவினர் வருவோரிடம் வேண்டுவது, கல்லைச் சேர்க்கவும் வேண்டா, எடுக்கவும் வேண்டா என்பதே. வேடிக்கைக்காக ஒருவன் அடுக்கிய கல், மூடுபனியில் மற்றொருவனைச் செங்குத்துப் பாறைக்கு அழைத்துச் செல்லும். உப்பு வணிகரின் வண்டி உராய்ந்த கதை இதுவேயன்றோ?

டெங்கில் காடுகளில் வெள்ளைப் பட்டையும் இல்லை. பேட்ஸ் கல்லும் இல்லை. தனியார் கட்டிய நாடாக்கள் உண்டு. மீன் மிகுந்த குட்டையைத் தாம்மட்டும் அறியவேண்டும் என்று சிலர் தமக்கே விளங்கும்படி கட்டுகின்றனர். பிறர் வராதிருக்கும்பொருட்டு வேறு வழியில் மாற்றிக் கட்டுவோரும் உண்டென்று கேள்வி. மீனை மறைத்தல் அவரவர் விருப்பம். வழியைப் பொய்யாகக் காட்டுதல் கொலைக்கு நெருங்கியது. ஏனெனில் ஈயக்குட்டையின் கரை ஆற்றங்கரையைப் போலச் சரிந்து இறங்குவதன்று. மேலே திண்மண்போலத் தோன்றும் கழிவுமணல் காலடியில் இளகும். ஓரடி வைத்தால் ஆழம். அத்தகைய கரைகளில் ஆண்டுதோறும் உயிர் போவதை நாம் நாளிதழில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சதுப்புக் காட்டில் வேறு வகை ஏமாற்றம். அங்கே தரை என்பது மட்கிய இலையும் வேரும் சேர்ந்த கரிய மெத்தை. நேற்று நடந்த வழி இன்று மழையில் மூழ்கிக் கிடக்கும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் டெங்கில் ஊரே நீரில் நின்றதை நேரில் கண்டவர்கள், இடுப்பளவில் கட்டிய குறி எப்படிப் போகும் என்பதை உணர்வர். குறி கண்மட்டத்தில் இருக்க வேண்டும். வழி பிரியும் இடத்தில் இருக்க வேண்டும். போகும்போது தெரிவது போலத் திரும்பும்போதும் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கின்றனர். காட்டில் முகமும் முதுகும் வேறு வேறு; போகையில் மரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தவன், வருகையில் மறுபக்கத்தையே பார்க்கிறான். என் தாத்தா முடிச்சிட்டபின் சற்று நடந்து, திரும்பி நின்று ஒருமுறை பார்ப்பார். அது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

காப்புக்காட்டுள் நுழையவே வனத்துறையின் அனுமதி வேண்டும். மரத்தைக் கொத்துவதோ குற்றம். அங்கே வனத்துறையார் தம் பணிக்காக மரங்களுக்குத் தகடும் வண்ணமும் இடுவர். நம் வண்ணம் அவர் கணக்கைக் குழப்பும். அவர் வண்ணம் நம்மை வழி தவறச் செய்யும். நெகிழி நாடா கட்டுவோர் எத்தனை கட்டினோம் என்று எண்ணி, திரும்பும்போது அத்தனையையும் அவிழ்த்து எடுத்துவரலாம். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ஒரு கவலையில் நம் சொல் தனியே நின்று பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மலைபடுகடாத்தை இன்னும் சிறிது படித்துச் சென்றால் ஒன்று புலப்படும். காட்டுப் புலத்தைக் கடந்து கூத்தர் மருத நிலத்தில் இறங்கியதும், குறியைப் பற்றிய பேச்சு நின்றுபோகிறது. அங்கே வலைஞர் வாளை கொண்டு வருகின்றனர். நெடிய நாண் கட்டிய தூண்டிலோடு நிற்போர், பிடியானையின் கைபோல் தடித்த சிவந்த கண் வராலைப் பிடித்துத் தருகின்றனர். வழி கேட்க ஆள் இருக்கும் இடத்தில் புல்லை முடியச் சொல்லவில்லை புலவர்.